அறுபத்தொன்றுக்கு இரண்டு பேர்

போன வாரம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பல் மருத்துவரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு வெளியே கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லியிருந்தார்கள். எதிரே டோக்கன் எண் காட்டும் திரை பதினேழிலேயே நின்றுவிட்டது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அந்த டோக்கன் திரையின் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி எழும்பியிருந்தது. இந்த முகவரியை நெட்வொர்க்கில் வேறொரு கருவியும் பயன்படுத்துகிறது என்று அதில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர், அந்தப் பெண் எதையோ தப்பாக அழுத்திவிட்டாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் எழுந்து நின்று, அவங்க மேல தப்பே இல்லைங்க என்று சொன்னேன். பாதி வாய் மரத்திருந்ததால் அது எந்த மொழியில் வெளியே வந்ததோ தெரியாது. குரல் மட்டும் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அந்தப் பெண், எனக்கு வலி பொறுக்கவில்லை என்று நினைத்து, உள்ளே போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட மழைக்கு மறுவருஷம் அது. எனக்கு இருபத்துநாலு வயது. தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் படித்து முடித்துவிட்டு, ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு காரைப் பிரித்தால் உள்ளே கைத்தண்டை தடிமனுக்கு ஒயர்கள் கொத்தாக ஓடும். அந்தக் கொத்தைப் பலகைமேல் வைத்து, ஒவ்வொன்றாகச் சொருகி, டேப் சுற்றி, சோதித்து அனுப்புவதுதான் அங்கே வேலை. லைனில் பெரும்பாலும் பெண்கள். விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்தெல்லாம் அவர்களை அள்ளிக்கொண்டு வந்து இறக்கும். ஷெட்டுக்குள் நுழைந்தால் புதுப் பள்ளிக்கூடப் பையைத் திறந்தது போல ஒரு வாசனை வரும். ஒயர்மேல் இருக்கும் பிளாஸ்டிக்கின் வாசனை. இப்போதும் ஜூன் மாதத்தில் பை விற்கும் கடையைத் தாண்டினால் என் கால் கொஞ்சம் தயங்கும்.

அங்கே என் பெயர் சிஸ்டம் சார். பிளக் வைத்த எது கெட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். ஒருமுறை தண்ணீர் குளிர்விக்கும் பெட்டிக்குக்கூடக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். தெரியாது என்று சொல்லும் தைரியம் அப்போது கிடையாது.

மாடிப்படிக்குக் கீழே என் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த விதியைப் போட்டவனும் நான்தான். தூசி என்று காரணம் சொன்னாலும் உண்மை வேறு. அந்த அறையில் எனக்கு ஏதோ ஒரு மரியாதை வந்துவிட்டிருந்தது. சேர்ந்த புதிதில் வந்து இறங்கிய புது ஸ்விட்ச்தான் அதற்குக் காரணம். விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை. எல்லாக் கம்ப்யூட்டர்களின் கேபிள்களும் வந்து சேரும் தட்டையான இரும்புப் பெட்டி. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரு நெட்வொர்க், லைன் மெஷின்கள் எல்லாம் இன்னொரு நெட்வொர்க் என்று பிரித்துவிட்டு, நடுவில் இந்த ஸ்விட்ச்சை நிறுத்தி இரண்டையும் பேசவைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷெட் முழுக்க ஆளில்லாமல் கிடக்கும்போது, லேப்டாப்பை நீலநிற கேபிளால் அதில் சொருகி உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்துக்கும் வாசல்போல ஒவ்வொரு முகவரி கொடுத்தேன். அதன்பிறகு தட்ட வேண்டிய கட்டளை இரண்டே சொல். ஐபி ரூட்டிங். என்டர் தட்டினேன். ஒரு சத்தமும் இல்லை, ஒரு விளக்குக்கூட மாறவில்லை. ஆபீஸ் பக்கத்தில் இருந்து லைன் மெஷின் ஒன்றை, இருக்கிறாயா என்று கேட்கும் கட்டளையால் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வந்தது. முந்தின நிமிஷம்வரை ஒன்றை ஒன்று அறியாத இரண்டு கூட்டம், ஒரு சுவர்கூட இடியாமல், பேச ஆரம்பித்துவிட்டது. நான் அந்தக் குளிரில் தனியாக உட்கார்ந்து எத்தனை முறை கூப்பிட்டேன் என்று கணக்கில்லை. வெளியே வந்து செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்வரை நடந்தேன். செக்யூரிட்டிதான் சொன்னார்.

அதற்கு அடுத்த மாதமோ என்னவோ, கேன்டீனில் சாப்பாட்டு டோக்கன் மெஷின் வைத்தார்கள். அட்டையைக் காட்டினால் டோக்கன் தரும். முதலில் காலை ஷிஃப்ட்டுக்கு மட்டும் என்று ஏற்பாடு. லைன் நெட்வொர்க்கிலேயே அதற்கும் ஒரு முகவரி வேண்டும். முகவரிகளை எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் வைத்திருந்தேன். நீளமான எண்தான், ஆனால் கடைசிப் பகுதி மட்டும்தான் மாறும். ஷீட்டில் அறுபதுக்கு அடுத்தது அறுபத்திரண்டு. நடுவில் காலி. ஒரு விடுமுறை நாளில் அறுபத்தொன்றைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. சரி என்று டோக்கன் மெஷினுக்கு அதையே கொடுத்து, ஸ்டிக்கரில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிட்டு வந்தேன்.

இனி ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைனின் கடைசியில், முடிந்த ஒயர் கட்டைச் சோதித்து லேபிள் ஒட்டும் இடத்தில் இருந்தவர். முப்பது தாண்டியவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தண்டலத்துக்கு உள்ளே இருந்த ஒரு கிராமத்தில் கத்தோலிக்கக் குடும்பம். கழுத்தில் ஜெபமாலையை யூனிஃபாரத்துக்கு உள்ளே தள்ளிவிட்டு, அடையாள அட்டையை வெளியே போட்டிருப்பார். மூன்று வருஷமாகக் கான்ட்ராக்ட்டில் இருந்தார். அந்த வருஷம் பர்மனென்ட் ஆகும் பட்டியலில் அவர் பெயர் போயிருந்தது. அவர் ஒரு கட்டைச் சோதித்து முடித்ததும், ஆபீஸ் பக்கம் இருக்கும் சர்வரில் இருந்து அவர் பக்கத்துப் பிரின்டருக்கு லேபிள் வரும். லேபிள் இல்லாமல் எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது.

அந்தப் பிரின்டர் திடீர் திடீரென்று நிற்க ஆரம்பித்தது. லேபிள் வராது. கட்டுகள் குவியும். லைன் நிற்கும். நான் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் ஒன்றிரண்டு வந்துவிடும், மறுபடி நிற்கும். சாப்பாட்டு நேரம் முடிந்தால் தானாகவே சரியாகிவிடும். சாயங்கால ஷிஃப்ட்டில் ஒரு பிரச்சினையும் கிடையாது. சூப்பர்வைசர் ஆறுமுகம் திருநெல்வேலிக்காரர், கெட்டவர் இல்லை. லைன் நின்றால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர். இன்னொரு ஷிஃப்ட்டில் வராத கோளாறு இந்த அம்மா ஷிஃப்ட்டில் மட்டும் வருகிறதென்றால் கை சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார். பிரின்டரில் ஒன்றும் இல்லை என்று நானும் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை வைத்து ஸ்டெல்லாவுக்கு மெமோ கொடுத்தார்கள். இன்னொரு மெமோ வந்தால் பட்டியலில் இருந்து பெயர் போய்விடும்.

மெமோ வாங்கிய மறுநாள் அவர் என் அறைக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கதவருகிலேயே நின்றார். கையில் வீணான லேபிள்கள் சிலவற்றை வைத்திருந்தார். அவற்றின் பின்பக்கத்தில் ஒன்பது நாளாக எந்த நேரத்தில் நின்றது, எந்த நேரத்தில் சரியானது என்று பென்சிலால் எழுதியிருந்தார்.

"சார், ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. கேன்டீன்ல சாம்பார் தாளிக்கிற வாசன வருதில்ல, அது வந்தா கொஞ்ச நேரத்துல இது நின்னுடுது. டெய்லி பாத்துகினுதான் கீறேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அவற்றை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது நாளும் பத்தே முக்காலுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஆரம்பித்திருந்தது. ஒருநாள்கூடத் தவறவில்லை. சிரித்தது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

அடுத்த நாள் பத்தரைக்கே நீல கேபிளைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்விட்ச்சுக்குள் ஒரு அட்டவணை உண்டு. நாம் கொடுக்கும் முகவரி மாற்றக்கூடியது. அதற்கு அடியில், ஒவ்வொரு கருவிக்கும் செய்யும்போதே பதித்த நீண்ட எண் ஒன்று இருக்கும். அந்த எண் தெரியாமல் ஸ்விட்ச்சால் எதையும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அதனால் முதலில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கும், அறுபத்தொன்று யார் என்று. உரிய கருவி மட்டும், நான்தான், என் எண் இது என்று பதில் சொல்லும். அதை அட்டவணையில் குறித்துக்கொண்டு வேலையைப் பார்க்கும். படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அட்டவணையில் அறுபத்தொன்றுக்கு நேரே பிரின்டரின் எண் இருந்தது. பிரின்டரை வைத்துவிட்டுப் போன ஆள் முகவரியை அதன் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தான், என் ஷீட்டில் ஏறவே இல்லை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அட்டவணையை வரவழைத்துக்கொண்டே இருந்தேன். அதே எண். அதே எண். பத்து ஐம்பதுக்குக் கதவிடுக்கு வழியாகக் கடுகும் பெருங்காயமும் வந்தது. முந்தின கட்டளையைத் திரும்பக் கொண்டுவரும் மேல் அம்புக்குறியை அழுத்தி என்டர் தட்டினேன். அறுபத்தொன்றுக்கு நேரே வேறொரு எண் இருந்தது.

ஒரு பெண் மூக்கை வைத்துச் சொன்னதை இந்த இரும்புப் பெட்டி எண்ணாக எழுதிக் காட்டிவிட்டது. இரண்டு பேரும் சொன்னது ஒரே சாட்சி.

அந்தப் புது எண் ஸ்விட்ச்சில் எந்தத் துளையில் இருந்து வருகிறது என்று பார்த்தேன். பதினாலாவது. அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். அது கூரைக்குக் கீழே தகரத் தட்டில் ஏறி, லைன் நீளத்துக்கும் ஓடி, அண்ணாந்து நடந்த என்னை இரண்டு தள்ளுவண்டிகளில் மோதவிட்டு, சுவர் ஓட்டைக்குள் நுழைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேன்டீன். டோக்கன் மெஷின் பச்சை விளக்கோடு இருந்தது. தாளிப்பு முடிந்ததும் சமையல் மாஸ்டர் அதைப் போடுவார், சாப்பாடு முடிந்ததும் அணைத்துவிடுவார். அது எழுந்தவுடன், அறுபத்தொன்று நான்தான் என்று சொல்லும். அதற்கப்புறம் ஸ்டெல்லாவின் பிரின்டருக்குப் போக வேண்டிய லேபிள் தகவல்களில் பாதி இங்கே வந்து விழுந்துகொண்டிருந்தன. இதற்கு அவை ஒன்றும் புரியாமல் தொலைந்துபோயின. மெஷினைத் திருப்பினேன். முதுகில் ஸ்டிக்கர். என் கையெழுத்து. சாப்ட்டுட்டுப் போங்க சார் என்றார் மாஸ்டர்.

இங்கே நான் உங்களிடம் கொஞ்சம் மரியாதையை இழக்கப்போகிறேன்.

சத்தம் போடாமல் டோக்கன் மெஷினின் முகவரியை மாற்றினேன். கேன்டீனுக்கென்று மூன்றாவதாக ஒரு நெட்வொர்க் பிரித்து, ஸ்விட்ச்சில் அதற்கும் ஒரு வாசல் வைத்து, அங்கே கொண்டுபோய்விட்டேன். அறுபத்தொன்று பிரின்டருக்கு மட்டும்தான் என்று அட்டவணையில் நிரந்தரமாக எழுதியும் வைத்தேன். லைன் நிற்கவில்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் இன்னும் புரொபேஷனில் இருந்தேன். சரியாகிவிட்டது, அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. இரண்டாவது நாள் காலையில், லைன் முனையில் வெள்ளைப் பலகை முன்னால் எல்லோரும் நின்றபடி நடத்தும் கூட்டத்தில், ஆறுமுகம் மேனேஜரிடம் சந்தோஷமாகவே சொன்னார்.

"பாத்தியளா சார், மெமோ குடுத்தோம்லா, நேத்து முழுக்க ஒரு லேபிள்கூட நிக்கல. சொல்லுத விதத்துல சொன்னா கேக்கத்தான் செய்யுதாவ."

ஸ்டெல்லா எனக்கு நேர் எதிரில் நின்றார். தலையைக் குனியவில்லை. பலகையில் எழுதியிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரகசியமாகச் சரிசெய்ததே அவர் மேல் இருந்த குற்றத்தை நிரூபித்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. சார், அது நான் செஞ்ச தப்பு என்றேன். யாருக்கும் கேட்கவில்லை, பக்கத்தில் டேப் சுற்றும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி சத்தமாகச் சொன்னேன். ஒரே முகவரியை இரண்டுக்குக் கொடுத்தது, கூப்பிட்டுப் பார்த்த நாளில் பிரின்டர் அணைந்திருந்தது, ஒன்பது நாள் நேரம் எழுதி வைத்து அதைக் கண்டுபிடித்தவர் ஸ்டெல்லாக்கா என்பது வரை எல்லாம் சொன்னேன். மேனேஜர் மார்க்கர் பேனாவை மூடிவிட்டு, எப்போது தெரியும் என்று கேட்டார். முந்தாநாள் என்றேன். ஆறுமுகம் முகம் சுருங்கிப்போயிற்று.

கூட்டம் கலைந்ததும் ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்தார்.

"ரெண்டு நாளு தெரிஞ்சிகினே சும்மா இருந்தியா சார்?"

அதுவரை அவர் என்னை நீ என்று சொன்னதில்லை. ஆமாங்க்கா என்றேன். அவர் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

மெமோவைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்கள். ஆறுமுகம் டீ இடைவேளையில் லைன் முழுக்கப் பார்க்க ஸ்டெல்லாவிடம் போய், என்னைய மன்னிச்சிருமா என்று சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எத்தனை பிரயாசை என்று நான் தூரத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், புரொபேஷன் மூன்று மாதம் நீட்டிப்பும். பட்டியல் வந்தபோது அதில் ஸ்டெல்லா பெயர் இருந்தது.

ஆனால் அவர் என்னிடம் பேசவில்லை. ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கும்போது, என் கதவைத் தட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு இந்த முறை உள்ளே வந்தார். அந்த அட்டவணையைக் காட்டச் சொன்னார். நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, நின்றபடி அட்டவணையை வரவழைத்தேன். எண்கள் வரிசையாக இறங்கின. அறுபத்தொன்றைக் காட்டினேன், இதுதான் உங்க பிரின்டர் என்று. விரலை வைத்துப் பார்த்தார். ஸ்விட்ச் எப்படிக் கேட்கும், கருவி எப்படிப் பதில் சொல்லும் என்று என்னால் முடிந்தவரை விளக்கினேன். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"யாரோ ஒருத்தர் நான்தான்னு சொன்னா, நீதானான்னு திருப்பிக் கேக்காதா?"

"கேக்காதுக்கா. நம்பிடும்."

"எல்லா ஊர்லயும் இப்பிடித்தானா?"

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றேன். அவர் நிமிர்ந்து அந்தப் பெட்டியின் விளக்குகளைப் பார்த்தார். நாற்பது கண்கள் சிமிட்டிக்கொண்டிருந்தன. இவ்ளோ பெரிய ஃபேக்டரி இத நம்பியா ஓடுது என்று மெதுவாகச் சொன்னார். என்னிடம் சொன்னதுபோல இல்லை. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நிற்பவர்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு பார்வை. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அத்தனை நாளும் நான் தனியாக வியந்துகொண்டிருந்ததை இன்னொருவர் வியப்பதைப் பார்ப்பது அதுவே முதல் முறை. பஸ் ஹாரன் அடித்ததும் எழுந்து, வரேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்க என்றும் இல்லாமல், நீ என்றும் இல்லாமல்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதே ஷெட்டில் ஆன்லைன் கம்பெனி ஒன்றின் பொருள்கள் கூரைவரை அடுக்கிக் கிடக்கின்றன. ஆறுமுகம் ஊருக்குப் போய்விட்டார். ஸ்டெல்லாக்கா போன் தயாரிக்கும் ஒரு பெரிய தொழிற்சாலையில் லைன் லீடராக இருப்பதாகக் கேள்வி. பழைய நம்பரில் கூப்பிட்டால் அது உபயோகத்தில் இல்லை என்கிறது.

நான் இப்போது சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருக்கிறேன். எங்கெங்கோ இருக்கும் தொழிற்சாலைகளின் ஸ்விட்ச்சுகளை உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்த்துக்கொள்கிறோம். அவற்றில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. போன மாதம் ஒரு டிக்கெட், அதாவது கோளாறுப் புகார், வந்தது. ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு லைன், நாலு மணி நேரம் நின்றிருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில், ஒரே முகவரி இரண்டு கருவிகளுக்கு என்று போட்டிருந்தது. சரிசெய்தோம், டிக்கெட்டை மூடினோம். மூடிய பிறகு அதை மறுபடி திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தேன். அந்த நாலு மணி நேரத்தில் அங்கே யார் திட்டு வாங்கினார்கள் என்று எழுத அதில் கட்டம் இல்லை. அவங்க மேல தப்பே இல்லை என்று கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், ஒரு மனிதரின் பெயரும் அதில் இல்லை.